ஊரைப் பார்த்துச் சொன்ன நோய்: இராமானுஜனின் நோயேட்டை யாழ்ப்பாணத்தில் திறந்தால்

நோயாளி 29 வயது ஆண். கும்பகோணத்தில் வளர்ந்தவர். மச்சம் மாமிசம் தொடாதவர், குடிப்பழக்கம் இல்லாதவர். ஊரைவிட்டுக் குளிர்நாட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. வயிற்றுவலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், நாளுக்கு நாள் மெலிவு. தானே சமைத்துச் சாப்பிடுகிறார். ஒரு நாள் சமைப்பார், மறுநாள் கணக்கில் மூழ்கி அடுப்பை மறந்துவிடுவார்.

இந்த விபரங்களோடு ஒருவர் யாழ்ப்பாணத்தில் மருத்துவ விடுதிக்கு வந்தால், அனுமதிச் சீட்டை எழுதும் இளம் வைத்தியர் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தபடியே, "தம்பி, கள்ளுக் குடிக்கிற பழக்கம் இருக்கோ? முந்தி வயிற்றுளைவு வந்ததோ?" என்று கேட்டுவிடுவார். ஈரல் சீழ்க்கட்டி இந்த ஊரில் அவ்வளவு பழகிப்போன நோய். 1917 இல் கேம்பிரிட்ஜில் இருந்த வைத்தியர்களுக்குப் பழகிய நோய் வேறு. மெலிந்த இந்தியர், காய்ச்சல், போர்க்காலக் குளிர் என்றதும் அவர்கள் கை மார்புக்குத்தான் போயிற்று.

ஸ்ரீநிவாச இராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் 32 வயதில் இறந்தார். பள்ளிப் புத்தகங்கள் இன்றும் காசநோய் என்றே எழுதுகின்றன. 1994 இல் டி. ஏ. பி. யங் என்ற ஆய்வாளர், கடிதங்களையும் எஞ்சிய பதிவுகளையும் வைத்து அது ஈரல் அமீபா நோய், அதாவது அமீபா என்ற ஒற்றைக்குழியக் கிருமி ஈரலில் சீழ்க்கட்டி உண்டாக்கும் நோய், என்று வாதிட்டார். அந்த வாதத்தை நம் ஊர் அனுபவத்தோடு உரசிப் பார்ப்பதே இந்த ஆய்வு. அவர் முடிவு கவர்ச்சியானது. யாழ்ப்பாணத்தவருக்கு இரட்டிப்புக் கவர்ச்சி, ஏனென்றால் அது எங்களுடைய நோய். அதனாலேயே இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும்.

முன்வரலாறு

இரண்டு வயது நிறையும் வேளையில், 1889 டிசம்பரில், பெரியம்மை வந்து பிழைத்தார். இறுதி நோயோடு அதற்குத் தொடர்பில்லை. தொடர்பு இருக்கக்கூடியவை இரண்டு விடயங்கள்.

ஒன்று, வயிற்றுளைவு. 1906 இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படிக்கும்போது கடுமையான வயிற்றுளைவு வந்து, படிப்பை விட்டுக் கும்பகோணம் திரும்பிச் சில மாதம் கிடந்தார். இந்தியாவை விட்டுப் புறப்படுமுன் இப்படி இரண்டு தடவை நடந்திருக்கிறது. வயிற்றோட்டத்தையும் வயிற்றுளைவையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். தண்ணீராகப் போவது வயிற்றோட்டம். சளியும் இரத்தமும் சேர்ந்து, முக்கி முக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போவது வயிற்றுளைவு. அது ஷிகெல்லா போன்ற பற்றீரியாவாலும் வரும், அமீபாவாலும் வரும். பற்றீரியாவால் வந்தது திடீரெனக் காய்ச்சலோடு தொடங்கி ஒரு கிழமையில் அடங்கும். அமீபாவால் வந்தது மெல்லத் தொடங்கி இழுபடும், போய்த் திரும்பி வரும்.

மற்றது, சத்திரசிகிச்சை. 1910 தொடக்கத்தில் விதைப்பையில் நீர் கட்டும் நோய்க்கு, ஊரில் ஓதம் என்பார்களே அதற்கு, சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. வீட்டில் காசில்லை. ஒரு வைத்தியர் பணம் வாங்காமல் செய்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வருடம் கழித்து லண்டனில் இந்தத் தழும்பு ஒரு வைத்தியரை நன்றாகவே வழிதவற வைக்கும்.

நோயின் போக்கு

1914 மார்ச் 17 அன்று நெவாசா கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டு ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஓகஸ்டில் போர் தொடங்கியது. அவர் படித்த றினிற்றி கல்லூரியின் ஒரு முற்றமே சில காலம் படையினரின் வைத்தியசாலையாக இருந்தது. காய்கறி, பால் கிடைப்பது அரிதாயிற்று.

1917 இளவேனிலில் படுக்கையில் விழுந்தார். முதலில் கேம்பிரிட்ஜில் ஒரு சிறு மருத்துவமனை. பிறகு சமர்செற்றில் மென்டிப் மலைச் சனற்றோரியம், அதாவது காசநோயாளர் விடுதி. அங்கே பொறுப்பாக இருந்தவர் சௌரி முத்து என்ற தமிழ் வைத்தியர். அதன் பின் டார்பிசயரில் மற்லொக், அங்கேதான் நீண்ட காலம். 1918 இல் லண்டன் ஃபிற்ஸ்றோய் சதுக்கம், கடைசியாகப் பற்னியில் கொலினெற் இல்லம். 1729 என்ற வாடகைக் கார் இலக்கம் பற்றிய பேச்சு நடந்தது பற்னியில்தான்.

சனற்றோரியச் சிகிச்சை என்றால் என்னவென்று தெரிந்தால்தான் அந்தக் கடிதங்களின் துயரம் விளங்கும். அன்று காசநோய்க்கு மருந்தில்லை. ஓய்வு, நிறைய உணவு, திறந்த காற்று, அவ்வளவுதான். யன்னல் மாரியிலும் திறந்திருக்கும், அறையில் நெருப்புக் கிடையாது. நெருப்பு மூட்டித் தர மாட்டேன் என்கிறார்கள் என்று, கேம்பிரிட்ஜில் அவரோடு வேலை செய்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். குளியலறைதான் சூடாக இருக்கிறது, இனித் தினம் பேனாவும் தாளும் கொண்டு அங்கே போய் இருக்கப்போகிறேன், இரண்டு மூன்று கட்டுரை அனுப்புகிறேன் என்றும் எழுதினார். காசநோய் இல்லாத ஒருவரை இப்படிக் குளிரில் போட்டால், அவர் காய்ச்சல் எதனாலோ அதற்கு ஒரு பலனும் இல்லை. மெலிவும் மனச்சோர்வும் கூடுவதுதான் மிச்சம். 1918 தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயிலின் தண்டவாளத்தில் விழுந்து சாக முயன்றதும் இந்தக் காலத்தில்தான். காவலாளி ஒருவர் மின்விசையை நிறுத்தியதால் தப்பினார். அந்த வருடமே பிரித்தானிய அறிவியல் சங்கமான றோயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

1918 நவம்பரில் ஹார்டி சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதம் இந்த நோயேட்டின் மிக முக்கியமான பக்கம். காய்ச்சலின் ஒழுங்கீனம் நின்றுவிட்டது, ஏறத்தாழ ஒரு ஸ்டோன் நிறை கூடியிருக்கிறார் என்கிறார். ஒரு ஸ்டோன் 6 கிலோவுக்குச் சற்று மேல். எங்கோ மறைந்திருந்த ஓரிடத்திலிருந்து இரத்தத்தில் நஞ்சு கலந்துகொண்டிருந்தது, அந்த ஊற்று இப்போது வற்றிவிட்டது என்பதே வைத்தியர்களின் பொதுக்கருத்து என்கிறார். மறைந்திருந்த அந்த இடம் எது என்பதுதான் நமது கேள்வி.

நான்கு பெயர்கள்

முதலில் சொன்னது இரைப்பைப் புண். வயிற்றுவலிக்கும் நேரம் தவறிய சாப்பாட்டுக்கும் அது பொருந்தும். மாதக்கணக்கில் வரும் காய்ச்சலுக்குப் பொருந்தாது. சீக்கிரமே கைவிட்டார்கள், சரிதான்.

இரண்டாவது காசநோய். தற்காலிக முடிவாக ஏற்றுக்கொண்ட அது பின்னர் அவரை விட்டுப் போகவேயில்லை.

மூன்றாவது புற்றுநோய். அதைச் சொன்னவர் ஷோ (Batty Shaw) என்ற லண்டன் நிபுணர். மற்ற வைத்தியர்களுக்குத் தெரியாத ஒரு தகவலை அவர் கேட்டறிந்தார்: நோயாளிக்கு முன்பு ஒரு சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. ஒருவேளை வெட்டியெடுத்தது புற்றுக்கட்டியோ, ஓதமென்று தவறாக நினைத்தார்களோ என்பது அவர் ஐயம். ஹார்டியின் கடிதத்தில் இந்தச் சத்திரசிகிச்சை சுமார் நான்கு வருடங்களுக்கு முன் நடந்ததாக வருகிறது. உண்மையில் எட்டு வருடமாகிவிட்டது. கணித மேதைகள் இருவருக்கிடையில் இப்படி ஒரு கழித்தல் பிழை என்று சிரிக்கலாம். ஆனால் வைத்தியத்தில் இது சின்ன வேறுபாடல்ல. விதைப் புற்றை அரைகுறையாக வெட்டி, அது உள்ளே பரவியிருந்தால், அன்றைய நிலையில் அநேகமாக இரண்டு மூன்று வருடத்தில் ஆள் இல்லை. நான்கு வருடமென்றால் சந்தேகிக்க இடமுண்டு, எட்டு என்றால் மிகக் குறைவு. ஆறு மாதமாக நோயாளி மோசமாகவில்லை என்பதைப் பார்த்து ஷோவே அந்தக் கருத்தைக் கைவிட்டார்.

ஓதத்துக்கு எளிய விளக்கம் கும்பகோணத்திலேயே இருக்கிறது. யானைக்கால் நோய்க்குப் பேர்போன வட்டாரம் அது. கொசு பரப்பும் அந்த நோயின் நுண்புழு தொற்றிய ஆண்களில் கால் வீக்கத்தைவிட விதைப்பையில் நீர் கட்டுவதே அதிகம். இங்கிலாந்து வைத்தியருக்கு ஓதமென்றால் புற்று நினைவுக்கு வரலாம். காவிரிக் கரையில் அது கொசுவின் வேலை. இலங்கையிலும் மேற்கு, தெற்குக் கரையோரங்களில் இது நிறைய இருந்து, ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. யாழ்ப்பாணம் அந்தப் பட்டிக்குள் இருக்கவில்லை. ஆகவே இந்த ஒரு விடயத்தில் எங்கள் ஊர்க் கண்ணும் உதவாது, தஞ்சைக் கண் வேண்டும்.

நான்காவது, மேலே சொன்ன இரத்த நஞ்சு. பெயர் மங்கலானது. ஆனாலும் நான்கில் உண்மைக்கு மிகக் கிட்டப் போனது இதுதான் என்பது எமது கருத்து. உடம்பில் எங்கோ சீழ் இருக்கிறது என்பதைத்தான் அது வேறு சொல்லில் சொல்கிறது.

அமீபா ஈரலுக்குப் போகும் வழி

யங் சொன்னதன் சாரம்: இரண்டு தடவை சரியாகக் குணமாக்கப்படாத வயிற்றுளைவு, அமீபா குடலில் பதுங்கியிருத்தல், வருடங்கள் கழித்து ஈரலில் வெளிப்படுதல், போய்த் திரும்பும் காய்ச்சல், இடையிடையே தேறுதல். சென்னையில் அன்று பரவலாக இருந்த நோய். இங்கிலாந்தில் அதைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வேரூன்றியிருக்கவில்லை.

பொறிமுறை இதுதான். அமீபா ஓர் உறைக்குள் அடங்கியிருக்கும் நிலைதான் சிறைப்பை. அது 10 முதல் 15 மைக்ரோமீற்றர் அளவு, முதிர்ந்ததில் நான்கு கருக்கள். மலம் கலந்த தண்ணீரிலோ உணவிலோ வாய்க்குள் போகும். வழமையாகக் கிணற்றுக்கும் குழாய்த் தண்ணீருக்கும் போடும் அளவு குளோரினுக்கு அது சாகாது, கொதிக்க வைத்தால் சாகும். சிறுகுடலில் சிறைப்பை உடைந்து வெளியே வரும் அமீபா பெருங்குடல் சுவரைத் தின்னும். அப்போது வருவது வயிற்றுளைவு. சுவரைத் துளைத்துச் சிறு நாளங்களுக்குள் புகுந்தால், குடலின் இரத்தத்தை ஈரலுக்குக் கொண்டுபோகும் ஈரல்வாயி நாளம் வழியாக நேரே அங்கே போகும். வலது பெருங்குடலின் இரத்தம் பெரும்பாலும் வலது ஈரல் மடலுக்கே போவதால், கட்டிகளில் ஐந்தில் நான்கு அங்கேதான். உள்ளே ஈரல் இழையம் கரைந்து மண்ணிறக் கூழாகும். சீழ் என்று சொன்னாலும் அதில் சீழ்க் குழியங்கள் அதிகமில்லை, மணமும் இல்லை. அமீபா கட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும், நடுவில் இருக்காது. அதனால்தான் ஊசியால் இழுத்த முதற் சீழை நுணுக்குக்காட்டியில் பார்த்து, அமீபா இல்லை என்று எழுதுவது பெரிய பிழை. கடைசியாக வரும் சில துளிகளில்தான் தேட வேண்டும், அதிலும் பல தடவை கிடைக்காது.

நோயைத் தவறவிட வைக்கும் உண்மை இன்னொன்று உண்டு. ஈரல் கட்டியோடு வரும் பெரும்பாலானோருக்கு அந்த வேளையில் வயிற்றோட்டம் இருப்பதில்லை. முன்பு எப்போதாவது வந்தது என்று கேட்டால்தான் சொல்வார்கள். சிலருக்கு அதுவும் நினைவிருக்காது. மலத்தைச் சோதித்தாலும் பாதிக்கு மேற்பட்டோரில் ஒன்றும் தெரியாது. பழைய கதையைக் கேட்காத வைத்தியருக்கு இந்த நோய் தன்னைக் காட்டிக்கொடுக்காது. இராமானுஜனின் வைத்தியர்களில் பலருக்கு, உடம்பில் தழும்பு விட்டுப்போன சத்திரசிகிச்சையே தெரியாமல் இருந்தது. தழும்பு விடாத வயிற்றுளைவு எம்மாத்திரம்?

காசநோயோடு மயங்கும் இடமும் உடற்கூற்றிலேயே இருக்கிறது. வலது மடலின் மேற்பகுதியில் கட்டி வந்தால், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்தகடான பிரிமென்றகடு மேலெழும்பும். வலது நுரையீரலின் அடி அமுங்கும், அங்கே இரைச்சல் கேட்கும், நீரும் கோர்க்கும். வலது தோளில் வலிக்கும், வரட்டு இருமல் வரும். இரவில் வியர்த்துக் கொட்டும். மார்பில் வைத்துக் கேட்கும் குழாயை மட்டும் நம்பும் ஒருவருக்கு இது அச்சொட்டாகக் காசநோய். யாழ்ப்பாணத்திலும் மாதக்கணக்கில் நெஞ்சுச்சளி மருந்து குடித்துவிட்டு, பிறகு ஸ்கானில் ஈரல் கட்டியோடு பிடிபடுகிறவர்கள் உண்டு.

இந்த ஊர்க் கணக்கு

யாழ்ப்பாணத்தில் ஈரல் கட்டி பெரும்பாலும் கள்ளு அருந்தும் ஆண்களின் நோய். பனை சீவும் காலத்தில் தவறணை எனும் கள்ளுக்கடைப் பக்கம் போய்வருபவர்கள், நடுவயதினர். கட்டியிலிருந்து எடுத்த சீழில் அமீபாவின் மரபணுவைக் காட்டி, இது அமீபாவின் வேலைதான் என்பதை 2017 இல் வெளியான ஆய்வொன்று உறுதிசெய்தது. கள்ளு ஏன் என்பதற்கு இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. கள்ளு முட்டியும், குடிக்கும் ஓலைப் பிளாவும், கலக்கும் தண்ணீரும் வழியாகச் சிறைப்பை உள்ளே போகிறது என்பது ஒன்று. அற்ககோல் ஈரலைப் பலவீனப்படுத்தி, குடலோடு நின்றிருக்க வேண்டிய அமீபாவுக்கு இடம் கொடுக்கிறது என்பது மற்றது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்றுதான் தோன்றுகிறது. வீட்டில் அதே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் பெண்களுக்கு இந்தக் கட்டி மிகக் குறைவு. உலகக் கணக்கிலும் ஒரு பெண்ணுக்கு ஏழு முதல் பத்து ஆண்கள்.

இராமானுஜனை இந்தச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஆண், சரி. வயது, சரி. அமீபா பரவிய ஊர், சரி. வயிற்றுளைவு, சரி. குடி இல்லை. குடியில்லாதவருக்கும் வரும். ஆனால் நம் விடுதிகளில் பார்த்துப் பழகிய முகத்தை அவருக்குப் பொருத்தும்போது ஒரு துண்டு குறைகிறது என்பதை மறைக்கக் கூடாது.

இடறும் இடங்கள்

பெரிய இடறல் காலம். இந்தியாவைவிட்டு வந்து மூன்று வருடத்துக்குப் பின் நோய் தொடங்குகிறது. ஈரல் கட்டி பெரும்பாலும் தொற்றிய சில மாதத்துக்குள் வெளிவரும். வருடங்கள் கழித்து வந்ததும் பதிவில் உண்டு, அரிது. குடலில் இருக்கும் அமீபா பலரில் ஒரு வருடத்துக்குள் தானே போய்விடும். இங்கிலாந்தில் புதிதாகத் தொற்றியிருக்கலாமா? போர்முனையிலிருந்து வயிற்றுளைவோடு படையினர் வந்து குவிந்த காலம்தான். ஆனால் தன் அறையில் தானே சமைத்த ஒரு மரக்கறிக்காரருக்கு அது எட்டியிருக்கும் என்று சொல்ல வழியில்லை.

அடுத்தது நோயின் நீளம். 1917 இலிருந்து 1920 வரை மூன்று வருடம். மருந்தில்லாத ஈரல் கட்டி பொதுவாக இவ்வளவு பொறுமை காட்டாது. பெரிதாகும், உடையும். வயிற்றறைக்குள் உடைந்தால் சில நாளில் மரணம். இதய உறைக்குள் உடைந்தால் மணிக்கணக்கு. நுரையீரலுக்குள் உடைந்தால் வாய் நிறைய மண்ணிறச் சளி வரும், அதன்பின் ஆள் தேறுவதும் உண்டு. குடலுக்குள் உடைந்தால் சத்தமில்லாமல் வடிந்துபோகும், நோயாளிக்கே தெரியாமல் காய்ச்சல் நிற்கும், நிறை கூடும். ஊற்று வற்றிவிட்டது என்று 1918 நவம்பரில் சொன்னார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான படம் எமக்குத் தெரியவில்லை. ஆனால் படம் பொருந்துவது சான்றாகாது.

காசநோய்க் கட்சியின் வாதம்

யங்கின் கட்டுரைக்குப் பின் காசநோயைப் பழைய மூடத்தனமாகத் தள்ளுவது வழக்கமாகிவிட்டது. அது அவ்வளவு லேசானதல்ல. காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை. வயிற்று நிணநீர்க்கணு, குடல், ஈரல், முதுகெலும்பு எங்கும் வரும். அங்கெல்லாம் வந்தால் மார்பில் ஒன்றும் கேட்காது, வயிற்றுவலியும் காய்ச்சலும் மெலிவும் மட்டும் இருக்கும். கூடுவதும் குறைவதுமாகப் பல வருடம் இழுபடுவது அதன் இயல்பு. மூன்று வருடம் என்ற நீளம் அமீபாவுக்கு இடறல் என்றால், காசநோய்க்கு அது இயல்பு.

உணவும் அந்தப் பக்கமே சாய்கிறது. தென் லண்டனில் குடியேறிய ஆசியர்களிடையே செய்து 1995 இல் வெளியான ஆய்வொன்று, மரக்கறி மட்டும் உண்பவர்களுக்குக் காசநோய் வாய்ப்புப் பல மடங்கு கூட என்று கண்டது. வெயில் குறைந்த நாடு, கறுத்த தோல், மீனோ முட்டையோ இல்லாத சாப்பாடு, நாள் முழுக்க அறைக்குள் இருப்பு. விற்றமின் டி வற்றிப்போக இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அது வற்றினால் உள்ளே உறங்கும் காசநோய்க் கிருமியை அடக்கிவைக்கும் வலுவும் குறையும். 1917 இல் இருபது வயதுகளில் இருந்த ஒரு தமிழ்நாட்டவர் அந்தக் கிருமியை உள்ளே சுமந்திருக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பத்து நாளில் தெரிந்திருக்கும்

இரண்டு கட்சிக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லக்கூடிய மருந்து அன்றே கையில் இருந்தது. மனதை உறுத்துவது அதுதான். எமற்றீன் ஊசியை அமீபா நோய்க்கு 1912 இல் கல்கத்தாவில் லெனார்ட் றொஜர்ஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். போரில் வயிற்றுளைவோடு வந்த படையினருக்கு எமற்றீனும் அதன் பிஸ்மத் அயடைட்டுக் கலவையும் கொடுத்தார்கள். அளவு நாளுக்கு ஒரு கிரெய்ன், ஏறத்தாழ 60 மில்லிகிராம், தோலுக்கடியில் அல்லது தசையில், பத்து நாள் அளவில். இதயத்தைத் தாக்கும் மருந்து, ஆகவே படுக்கையில் வைத்து, நாடி பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். ஈரல் அமீபா என்றால் சில நாளிலேயே காய்ச்சல் இறங்கும், வலி விடும். காசநோய் என்றால் அசையாது. நோய் என்னவென்று தெரியாதபோது எமற்றீன் கொடுத்துப் பார்ப்பதே ஒரு பரிசோதனையாகப் பின்னாளில் வெப்பநாடுகளில் பழக்கமாயிற்று. இரண்டு வருடம் ஐந்து இடத்தில் கிடத்தி வைத்தவருக்குப் பத்து ஊசி பெரிய செலவல்ல.

சென்னையில் ஏன் நடக்கவில்லை என்பது இன்னும் பெரிய கேள்வி. 1919 பெப்ரவரி 27 அன்று நகோயா கப்பலில் புறப்பட்டு மார்ச்சில் இந்தியா வந்தார். அமீபாவைத் தினம் பார்க்கும் வைத்தியர்கள் நிறைந்த நகரம் சென்னை. ஆனால் நோயாளியோடு நோயின் பெயரும் கப்பலேறி வந்துவிட்டது. லண்டன் நிபுணர்கள் எழுதியதை உள்ளூரில் யார் அழித்தெழுதுவார்? அவரைப் பார்த்த சந்திரசேகர ஐயர் காசநோயில் பெயர்பெற்றவர். கோடைக்குக் கொடுமுடி, பிறகு கும்பகோணம், 1920 சனவரியில் மீண்டும் சென்னை என்று இடம் மாற்றிக்கொண்டிருந்ததும் காசநோய்க்கான காற்று மாற்றம்தான்.

இன்று வந்திருந்தால்

இந்தக் காய்ச்சல்காரருக்கு இன்று முதல் நாளே செய்ய வேண்டியவை, யாழ்ப்பாண ஒழுங்கில்: நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடங்குமுன் இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, ஏனென்றால் பற்றீரியாச் சீழ்க்கட்டியும் இதே வேடத்தில் வரும். வெண்குழிய எண்ணிக்கை, ஈரல் நொதியங்கள். அமீபாக் கட்டியில் வெண்குழியம் கூடும், ஆனால் புழுநோயில் கூடும் ஈயோசின் நாடிகள் என்ற வெண்குழிய வகை கூடாது. மார்பு எக்ஸ்ரே. வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கான், இதுதான் எல்லாவற்றையும் முடிப்பது. வலது மடலில், ஈரல் உறையை ஒட்டி, வட்டமான கருமையான குழி தெரியும். அமீபாவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரிக்கான சோதனை பத்தில் ஒன்பது பேரில் நேராக (பொசிற்றிவ்) வரும், ஆனால் பழைய தொற்றுக்கும் வருடக்கணக்கில் நேராகவே இருக்கும் என்பதால் எங்கள் ஊரில் அதை மட்டும் நம்ப முடியாது. காசநோய்க்குச் சளியிலும் எடுக்கும் இழையத்திலும் மரபணுச் சோதனை.

மருந்து மெற்றோனிடசோல், வளர்ந்தவருக்கு 800 மில்லிகிராம் நாளுக்கு மூன்று தடவை, ஐந்து முதல் பத்து நாள். மூன்று நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்க வேண்டும். இறங்காவிட்டால், அல்லது கட்டி 10 சென்ரிமீற்றருக்கு மேலிருந்தால், அல்லது இதயத்துக்கு அருகான இடது மடலில் இருந்தால், ஸ்கானைப் பார்த்தபடி ஊசியால் வடிக்க வேண்டும்.

இங்கே வழமையாக நடக்கும் பிழைகள் இரண்டு. காய்ச்சல் நின்றதும் நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார், குடலில் மிஞ்சிய அமீபாவைக் கொல்லும் டைலொக்சனைட், 500 மில்லிகிராம் மூன்று தடவை பத்து நாள், எழுதப்படாமலே அல்லது குடிக்கப்படாமலே போகும். மெற்றோனிடசோல் ஈரலில் நன்றாக வேலை செய்யும், குடலுக்குள் இருக்கும் சிறைப்பையைச் சரியாகத் தொடாது. சில மாதத்தில் ஆள் திரும்ப வருவார். மற்றது, ஒரு மாதம் கழித்து ஸ்கான் எடுத்துப் பார்த்துக் குழி அப்படியே இருக்கிறது என்று பதறி மீண்டும் மருந்து தொடங்குவது. குழி மூடப் பல மாதம் எடுக்கும். நோயாளி சாப்பிடுகிறாரா, நிறை கூடுகிறதா, காய்ச்சல் இல்லையா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசி வருடம்

எமது மதிப்பீட்டை எழுதிவைக்கிறோம். 1917, 1918 இன் காய்ச்சலுக்கும் அந்த நவம்பர்த் தேறுதலுக்கும் ஈரல் அமீபா மற்ற எதையும்விடப் பொருத்தம். பத்தில் ஆறு என்று வைக்கலாம், பத்தில் ஒன்பது அல்ல. வயிற்றுக் காசநோய் மிச்சத்தின் பெரும்பகுதி. ஒருவருக்கு ஒரு நோய்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமுமில்லை. சீழ்க்கட்டியால் மெலிந்து, சனற்றோரியங்களில் இருமுகிறவர்கள் நடுவே இரண்டு மாரிகள் கழித்தவருக்கு உண்மையான காசநோய் பின்னால் வந்து சேர்ந்திருக்கலாம். அப்படியானால் பெயர் தவறாகச் சூட்டப்பட்டு, பிறகு உண்மையாகியிருக்கும்.

1920 இன் முதல் மாதங்கள் எந்தப் பெயருக்கும் முழுதாக அடங்கவில்லை. எலும்பும் தோலுமாகிவிட்டார், வயிற்றிலும் கால்களிலும் தாங்க முடியாத வலி, சுடுதண்ணீரில் துணி நனைத்து ஒற்றணம் கொடுத்தேன் என்று மனைவி ஜானகி பின்னாளில் நினைவுகூர்ந்தார். வயிற்று வலியை ஈரலும் விளக்கும், காசநோயும் விளக்கும். கால்வலி வேறு. விற்றமின் டி இல்லாமல் எலும்பு மெலிந்தால் கால் அப்படி வலிக்கும். விற்றமின் பி12 இல்லாமல் நரம்பு கெட்டால் எரியும், மரக்கும். முள்ளந்தண்டில் காசநோய் இறங்கினாலும் வலி காலுக்கு ஓடும். சனவரி 12 அன்று ஹார்டிக்கு போலித் தீற்றாச் சார்புகள் என்ற தன் புதுக் கணிதக் கண்டுபிடிப்புப் பற்றி எழுதிய மூளை கடைசி வரை தெளிவாக இருந்தது, சாவதற்குச் சில நாள் முன்புவரை எழுதிக்கொண்டிருந்தார். ஈரல் செயலிழந்து சாகிறவருக்கு அறிவு மங்கும். இவருக்கு மங்கவில்லை. ஆகவே ஈரலில் நோய் இருந்திருந்தாலும், ஈரல் செயலிழந்து அவர் சாகவில்லை. பிரேதப் பரிசோதனை முடிவு எதுவும் கிடையாது. உடல் எரிக்கப்பட்டுவிட்டது. வலது விலாவுக்குக் கீழே ஒரு கை அழுத்திப் பார்த்ததா, அழுத்தியபோது அவர் முகம் சுளித்தாரா என்ற ஒரு வரி எங்காவது ஒரு பழைய நோயேட்டிலிருந்து வெளிவந்தால், மேலே போட்ட ஆறு ஏழாகலாம், மூன்றாகவும் ஆகலாம்.